கோப்பாய், எட்டுப் பரப்பு, கிலோ 148

கோப்பாய் தெற்கு
கார்த்திகை 24

அன்பின் தம்பி கீர்த்திகனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மகள் சாருஜாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் ஜெயனியும் கொழும்பு மழையில் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தநாள் சாருஜாவின் போனில் நீ கதைத்ததில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. யுத்தத்தில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து இந்தக் காது போனுக்குச் சரிவருவதில்லை. எனக்குக் கடிதமே நல்லது.

உன் கந்தோர் வேலைக்கென்று நீ அனுப்பிய படிவத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். ஆடியில் கிண்டியெடுத்த வெங்காயத்தின் செலவு முழுவதும் அதில் இருக்கிறது. விதை வெங்காயம், பசளை, மருந்து, இறைப்புக்கு மின்சாரம், புல்லுப் பிடுங்க வந்த ஆட்களின் கூலி, எட்டுப் பரப்புக் காணிக்கும் குத்தகை. எல்லாவற்றையும் கூட்டி, வந்த 2800 கிலோவால் பிரித்தால் கிலோவுக்கு 148 ரூபா செலவு. சாருஜா இரண்டு தரம் பிரித்துப் பார்த்தாள்.

'குடும்ப உழைப்பு' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். நானும் சாருஜாவும் எத்தனை நாள் வேலை செய்தோம் என்று அதில் எழுத வேண்டுமாம். அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். என் தோட்டத்தில் நான் குனிந்து நிமிர்வதற்கு யார் கூலி தருவது?

உன் அத்தான் போய் நாலு வருடமாகிறது. இந்த எட்டுப் பரப்பையும் கைவிடாமல் செய்கிறேன் என்பதே எனக்குப் போதும். மழை விட்டதும் நடத் தொடங்குவோம். ஜெயனியைக் கேட்டதாகச் சொல்லு.

உன் அன்பு அக்கா
தர்சிகா


கொழும்பு
மார்கழி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் படிவமும் கிடைத்தன. இங்கே இருவரும் நலம். ஜெயனி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் காலம், விடைத்தாள்களோடுதான் சாப்பாடும்.

நான் அரசாங்க அலுவலகத்தின் இந்தப் பிரிவில் இன்னும் தற்காலிகம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பங்குனியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்கள். அதற்குமுன் இந்த வெங்காய அறிக்கையை நான் முடித்துக்கொடுக்க வேண்டும். விவசாயியின் செலவு, சந்தை விலை, இறக்குமதி வரி மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறோம்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பத்து வருட விலைகளை மாதம் மாதமாக வரைந்து பார்த்தேன். மாசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிண்டி விற்பதால் விலை விழுகிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய மூன்று கிழமையில், இருபது இருபத்தொரு நாளில், ஏறுகிறது. பத்து வருடத்தில் எட்டு வருடம் அப்படித்தான். நன்றாகக் காயவைத்துக் கொட்டிலில் தூக்கி வைத்திருப்பவர்களுக்குக் கிலோவுக்கு நாற்பது, ஐம்பது ரூபா கூடக் கிடைத்திருக்கிறது.

அந்தக் குடும்ப உழைப்புக் கட்டத்தைத் தயவுசெய்து நிரப்பி அனுப்புங்கள். யாரும் கூலி தருவதற்காக அல்ல. அது இல்லாவிட்டால் செலவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

உடம்பைக் கவனியுங்கள். பனிக்குள் தலையை மூடாமல் தண்ணீர் கட்டப் போகவேண்டாம்.

என்றும் உங்கள் தம்பி
கீர்த்திகன்


கோப்பாய் தெற்கு
தை 9

அன்பின் தம்பிக்கு,

கடவுள் துணையால் இங்கு நோய்நொடி இல்லை. உங்கள் இருவருக்கும் இந்தத் தை நல்லபடியாக அமைய வேண்டும்.

மார்கழி 12இல் நட்டோம். நட்டு நாலாம் நாள் பெருமழை. இரண்டு பரப்பில் தண்ணீர் நின்று அழுகிப்போக, விதை வாங்கி மறுபடி நட்டோம். இப்போது பச்சை பிடித்துவிட்டது.

உன் கடிதத்தைப் பக்கத்துத் தோட்டத்து உதயகலாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் ஐந்து பரப்பு நட்டிருக்கிறாள். "உன்ரை தம்பி படிச்ச பிள்ளை, பத்து வருசத்தைப் பாத்துச் சொல்லுறான். நாங்களும் இந்தமுறை பொறுத்து விப்பம்" என்றாள். இருவரும் கொட்டில் கூரைக்குப் புதிதாகக் கிடுகு மாற்றினோம்.

கட்டத்தைப் பற்றி மறுபடியும் கேட்டிருக்கிறாய். உண்மையைச் சொல்கிறேன். ஒருநாள் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். எங்கள் நாட்களையும் சேர்த்தால் இலாபம் என்று ஒன்றும் மிஞ்சாதுபோல் வந்தது. இடையில் நிறுத்திவிட்டேன். நட்டத்துக்குத் தோட்டம் செய்கிறவள் என்று என் கையாலேயே எழுதிக் கந்தோருக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. இனி அதைக் கேட்காதே.

அன்புடன்
அக்கா


கோப்பாய் தெற்கு
மாசி 20

தம்பி கீர்த்திகனுக்கு,

சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்று வெங்காயம் கிண்டி முடிந்தது. விளைச்சல் குறையில்லை. அந்த இரண்டு பரப்பும்கூட ஏமாற்றவில்லை. பிடி பிடியாகக் கட்டித் தூக்கிவிட்டோம். கொட்டிலுக்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லை.

ஒரு அவசர விஷயம். இன்று காலை சந்தை வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார்.

"தங்கச்சி, இண்டைக்கே தாறதெண்டால் கிலோ இருநூற்றி எழுவது தாறன். நாளைக்கு என்ன விலையெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

"சித்திரை வரைக்கும் பாப்பம் எண்டு இருக்கிறன்" என்றேன்.

"பாருங்கோ. ஆனால் இந்திய வெங்காயத்துக்கு வரி குறைக்கப் போகினமாம். கொழும்பிலை கதைக்கினம். உங்கடை தம்பி அந்தக் கந்தோரிலைதானே வேலை? ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ."

அதைத்தான் கேட்கிறேன். வரி குறையப் போகிறதா? விற்கவா, வைக்கவா? நீ விளக்கமொன்றும் எழுதத் தேவையில்லை. ஒரு சொல் போதும்.

அக்கா


கோப்பாய் தெற்கு
பங்குனி 3

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகம்தானே? மாசி 20இல் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தவறியதோ என்று இதை எழுதுகிறேன்.

சிலர் விற்கத் தொடங்கிவிட்டார்கள். விலை 255. உதயகலா ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலியடியில் வந்து நின்று, "தம்பி என்னவாம்?" என்று கேட்கிறாள். "வேலை கூடிப்போச்சுப் போலை, எழுதுவான்" என்று சொல்கிறேன். எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்வது?

நீ முன்பு எழுதியதை நம்பித்தான் இரண்டு பேரும் வைத்திருக்கிறோம். அதில் மாற்றம் இருந்தால் சொல்லு.

அக்கா


கொழும்பு
பங்குனி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். ஜெயனிக்கு ஒரு கிழமை காய்ச்சல், இப்போது பரவாயில்லை. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கையின் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. சாருஜாவின் பல்கலைக்கழக அனுமதி பற்றி ஏதும் தெரிந்ததா?

விற்பது, வைப்பது பற்றி நான் எதுவும் சொல்வது முறையாக இருக்காது. நான் முன்பு எழுதியது போன வருடங்களில் நடந்தது. எல்லா வருடமும் ஒன்றுபோல இருப்பதில்லை. உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. போன திங்கட்கிழமை கடிதம் தந்தார்கள்.

காதுக்கு மருந்து விடுகிறீர்களா? மறக்கவேண்டாம்.

தம்பி
கீர்த்திகன்


கோப்பாய் தெற்கு
சித்திரை 4

கீர்த்திகனுக்கு,

ஜெயனி முற்றாகச் சுகமாகியிருப்பாள் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் பங்குனி 13 வந்தது. நாலு தரம் வாசித்தேன். "முறையாக இருக்காது" என்பது எச்சரிக்கையா, அல்லது வேலை நிரந்தரமானதும் வந்த கந்தோர்ப் பேச்சா என்று எனக்கு விளங்கவில்லை. உதயகலாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "வேண்டாம் எண்டு சொல்லேல்லைத்தானே" என்றாள். இருவரும் வைத்திருந்தோம்.

பங்குனி 16 வானொலியில் சொன்னார்கள். கிலோவுக்கு எழுபது ரூபாவாக இருந்த இறக்குமதி வரி பத்து ரூபாவாம். அடுத்த கிழமையே இந்திய வெங்காயம் சந்தையில் நின்றது. பயத்தில் இங்குள்ளவர்களும் ஒரே நேரத்தில் இறக்கினார்கள். 190, 160, 150. அந்த நேரம் பார்த்து மூன்று நாள் மழை. கொட்டிலில் முளைவிடத் தொடங்கியது. நான் 120க்குக் கொடுத்தேன். உதயகலா இன்னும் நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். அவளுக்குக் கிடைத்தது 90. அதன்பிறகு அவள் பின்னேரம் வேலியடிக்கு வருவதில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இது சந்தை, ஏறும் இறங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்று விவசாயப் போதனாசிரியர் ஒரு அறிக்கையின் பிரதியோடு வந்தார். வரியைக் குறைத்ததற்கு அதுதான் காரணமாம். "உங்களுக்கு மிச்சம் வருகுதெண்டு இதிலை போட்டிருக்கினம், பாருங்கோ" என்று ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். அதில் உதாரணத்துக்கென்று ஒரு பெட்டி. கோப்பாய், பெண் விவசாயி, எட்டுப் பரப்பு, கிலோவுக்குச் செலவு ரூபா 148. ஆகவே 160க்கு விற்றாலும் இலாபம்.

அது நான்தானே?

முன்பக்கத்தில் திகதி மாசி 11. நான் உன்னைக் கேட்டது மாசி 20. நீ பதில் எழுதியது பங்குனி 9. சாருஜாவின் போனுக்கு ஒரு சொல் அனுப்ப ஒரு நிமிடம் காணும்.

தர்சிகா


கொழும்பு
வைகாசி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நீங்களும் சாருஜாவும் எப்படி இருக்கிறீர்கள்?

அது நீங்கள்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். என் அறிக்கையில் முதலில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று, குடும்ப உழைப்பைச் சேர்க்காத செலவு. மற்றது, சேர்த்த செலவு. படிவம் தந்த நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். மற்ற ஒன்பது பேரின் நாட்களை வைத்து உத்தேசமாகக் கணித்து, இரண்டாவது வரிசையைப் போட்டிருந்தேன். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "வெறுமையாக இருந்ததை நீர் எப்படி நிரப்பினீர்? அளந்ததை மட்டும் வையும்" என்றார். ஒரு வரிசையை எடுத்துவிட்டேன். நான் படித்த முறைப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எடுத்தபிறகு மிஞ்சியது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்.

மாசி 14 பெரிய கூட்டம். தலைமையில் இருந்தவர் என்னைப் பார்த்து, "நூற்றி அறுபதுக்கு விற்றாலும் அவர்களுக்கு மிச்சம் இருக்குமா?" என்று கேட்டார். எனக்கு உங்கள் கை நினைவுக்கு வந்தது. விரல் இடுக்குகளில் செம்பாட்டு மண் போகாத கை. "இருக்கும்" என்று சொன்னேன். அன்றைக்கு நான் அங்கே தற்காலிக ஊழியன். அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வரி குறையப் போவதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டதைப் பற்றியும் எழுதவேண்டும். இன்று அப்படிக் கேட்டாலும் சொல்லமாட்டேன், அக்கா. அந்தச் செய்தியை ஒருவருக்கு முன்கூட்டிச் சொன்னால் மற்ற ஆயிரம் பேருக்குச் செய்யும் அநியாயம் அது. என் அக்கா என்பதால் இன்னும் சொல்லக்கூடாது. வரியைக் குறைத்ததே பிழை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் ஒழுங்கைக் கடையில் ஒரு பெண் நூறு கிராம் வெங்காயம் நிறுத்து வாங்குவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அவளுடைய வீட்டுச் செலவும் அறிக்கையில் இருந்தது. அதுவும் பொய்யல்ல.

ஆனால் பத்து வருடத்தைக் காட்டி உங்களை வைத்திருக்கச் சொன்னவன் நான். பிறகு அந்தப் பத்து வருடத்தை உடைக்கும் அறிக்கையை எழுதியவனும் நான். அதோடு அந்த ஒரு வரிசை.

திருத்தம் ஒன்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு உங்கள் நாட்கள் வேண்டும். கேட்கும் உரிமை எனக்கில்லை. கேட்கிறேன்.

கீர்த்திகன்


கோப்பாய் தெற்கு
ஆனி 18

கீர்த்திகனுக்கு,

சுகம்.

ஆறு கிழமை பிந்திவிட்டது. குத்தகையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. காணிக்காரர் லண்டனில் இருக்கிறார், அவருக்காக இணுவிலில் இருந்து ஒருவர் வருவார். எட்டில் நாலு பரப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளில் வேறு ஆள் வேலி மாற்றி அடைத்துவிட்டார். மிஞ்சிய நாலு பரப்பில் மரவள்ளியும் கத்தரியும் போட்டிருக்கிறோம்.

நீ கேட்டதை எழுதுகிறேன். சாருஜாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு இருந்து நாள் நாளாக நினைவுபடுத்தினோம். அந்த ஆடி வெங்காயத்துக்கு நிலம் கொத்தியதிலிருந்து நடவு, தண்ணீர் கட்டியது, புல்லு, கிண்டியது, காயவைத்தது, பிடி கட்டியது, விற்று முடித்தது வரை. என்னுடையது 110 நாள். அவளுடையது 76. புல்லுப் பிடுங்க வருபவர்களுக்குக் கொடுத்த 1800 ரூபாவையே எங்களுக்கும் போட்டால் கிலோவுக்கு 120 ரூபா கூடுகிறது. செலவு 148 அல்ல, 268.

சாருஜா தன்னுடையதை மட்டும் தனியாகப் பெருக்கிப் பார்த்தாள். "அப்ப எனக்கு ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் வர வேணும், அம்மா" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருடமாக அந்தப் பிள்ளையை நான் எப்படி வேலை வாங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டவள் நான். நட்டம் என்று எழுத வெட்கப்பட்டேன். அந்த வெட்கம்தான் உன் அறிக்கையில் இலாபமாகப் போய் நின்றிருக்கிறது. என் பிழையை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெறும் கட்டத்துக்குள் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

முன்கூட்டிச் சொல்லியிருக்கக்கூடாது என்கிறாய். மண்டைக்கு அது சரியாகத்தான் படுகிறது.

தர்சிகா


கொழும்பு
ஆடி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவருக்கும் சுகம் வேண்டுகிறேன். நாங்கள் நலம்.

திருத்தத்தைக் கொடுத்தேன். கொடுக்கும்போது கோப்பாய்ப் பெண் என் கூடப்பிறந்த அக்கா என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதை நான் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். விளைவு இரண்டு. உறவினரின் தகவல் என்று உங்கள் படிவத்தை முழுதாக நீக்கிவிட்டார்கள், 148ஐயும் 268ஐயும். என்னைத் தென்னைப் புள்ளிவிபரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் வெங்காயம் பற்றி இனி நான் ஒரு சொல்லும் எழுத முடியாது.

ஒரு நல்லது நடந்தது. அந்த வரிசையை எடுத்தது சரியா என்ற கேள்வி மேலே போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்னொரு தரம் தகவல் எடுக்க என் இடத்துக்கு வந்த கனிசியஸ் என்பவரை அனுப்புகிறார்கள். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, உங்களைத் தேடிப் போகவும் சொல்லவில்லை. அவர் எந்தப் பெண்ணைக் கேட்டாலும், அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் இருந்தால் போதும்.

என்னை மன்னித்தீர்களா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். இதில் கேட்கிறேன்.

தம்பி
கீர்த்திகன்


கோப்பாய் தெற்கு
புரட்டாதி 6

தம்பி கீர்த்திகனுக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு முழங்கால் கொஞ்சம் நோகிறது, மற்றபடி சுகம். சாருஜாவுக்கு வவுனியாவில் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. உனக்கும் ஜெயனிக்கும் சொல்லச் சொன்னாள்.

கனிசியஸ் ஆவணி முதல் கிழமை வந்தார். என்னிடம் படிவம் தரமுடியாது என்று மரியாதையாகச் சொன்னார். "எனக்குத் தராதேங்கோ. ஆனால் மற்றப் பெண்டுகளைக் கூப்பிட்டு விடலாம்தானே?" என்று கேட்டேன். அதற்குத் தடையில்லை என்றார். சனசமூக நிலையத்தில் என்னைத் தவிர இருபது பேர் கூடினார்கள்.

அவர்களும் கட்டத்தை வெறுமையாக விடத்தான் போனார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். "அந்த அறிக்கையிலை இருக்கிற கோப்பாய்ப் பெண் நான்தான். எழுதினது என்ரை தம்பி. நான் வெட்கத்திலை விட்ட கட்டத்தாலைதான் எங்கள் எல்லாருக்கும் மிச்சம் வருகுதெண்டு எழுதப்பட்டது."

 உதயகலா எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அதுவரை தெரியாது. சித்திரையில் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு நானும் நாலு மாதம் அதையேதான் செய்திருக்கிறேன்.

மற்றவர்கள் இருந்து எழுதினார்கள். உரும்பிராயில் இருந்து வந்த ஒரு வயதான பெண், தன் நாட்களைக் கூட்டி முடித்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டு விரல் மடித்து மறுபடியும் எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது படிவம். கனிசியஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அக்கா, கிட்டத்தட்ட எல்லாம் ஒரே மாதிரித்தான் சொல்லுது. அறுவடை மாசம் ரெண்டிலையும் வரியைக் கூட்டுறதோ எண்டு ஐப்பசியிலை கதைப்பினம். கூட்டுவினம் எண்டு நான் சொல்லேல்லை" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது.

அவர் புறப்படும் நாள் காலை உதயகலா வந்தாள். வாசல் படலையைத் தாண்டவில்லை. நிரப்பிய படிவத்தை நீட்டினாள்.

"உனக்காகவும் இல்லை, உன்ரை தம்பிக்காகவும் இல்லை" என்றாள். "எனக்கு எவ்வளவு எண்டு நான் பாக்க வேணும்போலை இருந்தது."

"பாத்தியோ?"

"ஓம். பாத்தன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து கிணற்றடியில் கண்டால் தலையசைக்கிறாள். இருபதாவது படிவத்தை நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கனிசியஸிடம் கொடுத்தேன்.

மன்னித்தேனா என்று கேட்டிருந்தாய். இன்னும் இல்லை. பொய்யாக எழுத விரும்பவில்லை. உனக்கு எழுதக்கூடாது என்றுதான் ஆவணி முழுவதும் இருந்தேன். ஆனால் சாருஜாவுக்கு இடம் கிடைத்த அன்று அவள் கத்திய சத்தம் இந்தக் காதுக்கே கேட்டது. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்வதற்கு வேறு ஆள் இல்லை எனக்கு.

ஐப்பசியில் அவளைக் கொண்டுபோய் விட வவுனியாவுக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து காலை ரயில் இருக்கிறது. வாறதெண்டால் வா. நிறையக் கதைக்க மாட்டேன், பெட்டி தூக்க ஒரு ஆள் வேண்டும்.

அக்கா